சம்பந்தியின் இலையிலிருந்து பாதி அடை

ரப்பர் பால் ஸ்டோரிலிருந்து எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) ஏறும் மேட்டில், பாதையோரமாகப் பதினோரு ரப்பர் மரங்கள் நின்றன. ஏழாவது மரத்தடியில்தான் என் நோய் முதன்முதலாக என்னைப் பிடித்து உட்கார வைத்தது. நெஞ்சு காதுக்குள் வந்து அடித்தது. கண் இருட்டியது, மூடித் திறந்தால் எதிரே இருந்ததெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, தோளில் சங்கூலோடு (மண்வெட்டியைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) என் சம்பந்தி கோவிந்தன் பின்னால் ஏறி வந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்கு மூச்சும் வாங்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை.

"என்ன சம்பந்தி, ஒக்காந்துட்டீங்க?"

"சும்மாதான். காத்து நல்லா வருது."

"ஒக்காருங்க, ஒக்காருங்க. நான் போயி பவுனுகிட்ட தண்ணி எடுத்து வைக்கச் சொல்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மருமகளிடம் எனக்குத் தண்ணீர் எடுத்து வைக்கச் சொல்ல இவர் யார் என்று நினைத்தேன். அவளைப் பெற்றவர் என்பது உடனே ஞாபகத்துக்கு வந்தது. அதனால் வயிற்றெரிச்சல் இரண்டு பங்கானது.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் உங்கள் வீட்டில் மேடு ஏறும்போது உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறார் என்றால், நகம் வெளுத்திருக்கிறது என்றால், வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று குடலில். மற்றதற்கு எந்த டிரசரிடமும் (தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்) மருந்து இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியும். ஒன்றை விட்டால் மற்றது புரியாது.

மலாயாவில், ரந்தாவிலிருந்து லுக்குட் போகும் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு நான் பால் ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக் குறிப்பெழுதும் வேலையில் இருந்தேன். சிமெண்டுத் தரை, கான்வாஸ் செருப்பு, காதில் பென்சில். என் மனைவி முன்பே போய்விட்டாள். ஒரே மகன் தனபால். கோவிந்தன் மேல் டிவிஷனில் மரம் சீவுகிறவர். அவருடைய ஒரே மகள் பவுனை என் மகனுக்குக் கட்டினோம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, லாரியில் ஏற்றிக்கொண்டு போன பையன்களில் தனபாலும் ஒருவன்.

ரப்பரை வாங்க ஆளில்லாமல் மேல் டிவிஷனை மூடினார்கள். சம்பந்தியின் லயம் காலியானது. அவருக்கும் மனைவி இல்லை. மகள் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பாயோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வந்து சேர்ந்தார். பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பது அவருக்கு அவமானம். அதனால் உள்ளே படுக்கமாட்டார், லயத்தின் அஞ்சடியில்தான் (வீட்டு வரிசைக்கு முன்னால் போகும் கூரையிட்ட நடை) படுப்பார். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இலை போட்டுக்கொள்வார். "நீங்க சாப்பிடுங்க சம்பந்தி, எனக்கென்ன அவசரம்" என்பார். பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு முன்னால் உட்காரமாட்டார், எதிர்த்துப் பேசமாட்டார், கேட்டதை இல்லை என்று சொல்லமாட்டார். எங்கள் சனத்தில் அதுதான் முறை. அந்த முறையில் எனக்கு மிகவும் திருப்தி.

ஆனால் நான் எழுந்த பிறகு அவர் உட்காருவதால், பவுன் அவர் இலையில் என்ன போடுகிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே. அவள் அவருக்குச் சதை. எனக்கு யார்? சயாமுக்குப் போன ஒருவன் கட்டிய தாலியால் மருமகள். அவன் திரும்பி வரவில்லை என்றால் இவர் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த நாளும் போகலாம். நான் நாலு சுவரோடு தனியாக இருப்பேன். அந்தப் பயம்தான் என் பொறாமைக்கு வேர். அன்று அதைப் பயம் என்று ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன்.

பையன்களெல்லாம் சயாமுக்குப் போய்விட்டதால் கிழவன் கிழவிகளையும் பெண்களையும் நிறுத்தித்தான் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) காய்கறித் தோட்டம் போட்டார். ஆளுக்கு ஒரு பாத்தி. பாத்தி செய்தால்தான் அரிசிப் பங்கு. உரத்துக்கு எங்கே போவது? லயத்துக் கக்கூஸ் வாளிகளைக் கொண்டுபோய்ப் பாத்தியில் கொட்டினோம். கீரை தளதளவென்று வந்தது. என் கான்வாஸ் செருப்பு முதல் மாதமே நைந்து போனது. வேறு செருப்பு எங்கும் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு அந்தச் சேற்றில் நின்றேன்.

கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. சிறுசிறு கொப்புளங்கள். சேற்றுப்புண் என்று மஞ்சளை அரைத்துப் பூசினேன். புழு நுழைந்த வாசல் அதுதான் என்று அப்போது தெரியாது. சம்பந்தியின் பாதம் மாட்டுத்தோல் மாதிரி. முப்பது வருஷம் வெறுங்காலோடு காட்டில் நடந்த பாதம். அவர் அதைக் கழுவும்போதெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மனிதனின் பாதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரை காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை பிரட்டுக்களத்தில் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்) எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் புழு மருந்து கொடுப்பார்கள். கொஞ்சம் சீனியில் சொட்டுவிட்டுத் தருவார்கள், பிறகு விளக்கெண்ணெய். மரம் சீவுகிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவார்கள். ஸ்டோர்க்காரனான நான் ஒரு தடவைகூட அந்த வரிசையில் நின்றதில்லை. புழு என்பது கூலிக்காரர்களின் நோய் என்று என் எண்ணம். கோவிந்தன் வருஷம் தவறாமல் நின்றிருக்கிறார்.

மூன்று நான்கு மாதத்தில் முகம் ஊதியது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. இதைவிட வெட்கமானது ஒன்று உண்டு. மழை பெய்து விட்டால் கறையான் புற்று மண்ணின் வாசனை என்னை இழுத்தது. ஒரு கட்டியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேட்டி முனையில் முடிந்துவைத்துக்கொண்டு ஒளித்து ஒளித்துத் தின்றேன். (ரத்தம் வற்றிய உடம்பு மண்ணைக் கேட்கும் என்று டிரசர் பிறகு சொன்னார்.) வேட்டி துவைக்க எடுத்த பவுன் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னா மாமா இது?"

"விபூதி மாதிரி, சும்மா."

அவள் முகர்ந்து பார்த்தாள். மறுநாள் காலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள். இரண்டு மைல். பாதித் தூரம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். அப்பனை விட்டுவிட்டு என்னோடு வந்தாளே என்று வழி முழுவதும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

எங்கள் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர்கள் இல்லாத அந்தக் காலத்தில் அவர்தான் எல்லாமும். அலமாரியில் பாதிப் போத்தல்கள் காலி. என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். விரல் இடுக்கைப் பார்த்தார்.

"மண் தின்னுறனீரோ?"

பவுன் தலையாட்டினாள்.

"இது கொக்கிப்புழு" என்றார். (நூல் கனத்தில், அரை விரற்கடை நீளத்தில் இருக்கும் புழு. பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு நுழைந்து, குடலின் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். நாள்பட்டால் சோகை, அதாவது ரத்தத்தில் இரும்பு குறைந்து போவது.) "இளம் ஆக்களெண்டால் உடம்பு ஈடு குடுக்கும். உம்மட வயசுக்கு நெஞ்சு தாங்காது. இப்பிடியே விட்டால் மழை முடியமுன்னம் முடிஞ்சிடும்."

என்னை வெளி பெஞ்சில் படுக்கச் சொல்லிவிட்டு பவுனிடம் இரண்டு பொட்டலங்களைக் கொடுத்தார். ஓம உப்பு (ஓமத்திலிருந்து எடுக்கும் படிகம் போன்ற புழு மருந்து). சொட்டு மருந்து தீர்ந்து போனதால், ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். ஒரு பொட்டலம் இப்போது, மற்றது அடுத்த வாரம். பத்தியத்தையும் அவளிடம்தான் சொன்னார். எனக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இவ்வளவு நீளம் வந்திருக்காது.

மருந்துக்கு முதல் நாள் கஞ்சித் தண்ணீர் மட்டும். சாயங்காலம் பேதி உப்பு. மறுநாள் விடிந்ததும் பொட்டலத்தில் பாதி, கொஞ்ச நேரம் கழித்து மீதி. தொண்டையிலிருந்து வயிறுவரை எரிந்துகொண்டே இறங்கியது. "சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக்கூடாது மாமா. முக்கியமா எண்ணெ ஒரு சொட்டு ஆகாதாம்" என்று பவுன் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அங்கேயிருந்து தேங்காயெண்ணெய் வாசனை வந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் தேங்காயெண்ணெய் வாசனை என்றால் என்னவென்று இப்போதுள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தன் கல்யாணச் சேலை ஒன்றைக் கொடுத்து ஒரு சிறு புட்டி வாங்கி வைத்திருந்தாள். அதில் மரவள்ளிக் கிழங்கு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு? எனக்கு எண்ணெய் ஆகாதாம். அப்படியென்றால் வேறு யாருக்கு?

பாயில் படுத்தபடி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். டிரசர் எண்ணெயைப் பற்றிப் பேசியதை என் காதால் கேட்கவில்லை. சொன்னது இவள். எண்ணெய் இருப்பது ஒரு புட்டி. அதை அப்பனுக்கு ஒதுக்க இதைவிட நல்ல வழி உண்டா? இதைத்தான் என் புத்தி கண்டுபிடித்தது. முதல் நாளெல்லாம் பட்டினி கிடந்தவனின் புத்தி என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வயிறு நிறைந்திருந்த நாட்களிலும் அது அப்படித்தான் வேலை செய்தது.

பவுன் தண்ணீர்க் குடத்தோடு குழாயடிக்குப் போனாள். சம்பந்தி அஞ்சடியில் இலையை விரித்து உட்கார்ந்தார். இரண்டு அடை. ஓரம் சிவந்து, எண்ணெய் மினுங்கியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஒக்காருங்க சம்பந்தி. எனக்குப் பாதி குடுங்க."

அவருக்கு முகம் மாறியது. "பவுனு எண்ணெ ஆகாதுன்னுச்சே."

"நீங்க மருந்து சாப்பிட்டதில்லையா? அப்பெல்லாம் எண்ணெ ஆகாதுன்னா சொன்னாங்க?"

"இல்ல. வெளக்கெண்ணெயே ஊத்துவாங்க. ஒண்ணும் செய்யாதுன்னுதான் நானும் நெனக்கிறேன். இருந்தாலும், புள்ள வந்துரட்டும் சம்பந்தி, ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

"மாப்பிள்ளையோட அப்பன் வாயத் தொறந்து கேக்கறேன். இல்லேன்னு சொல்றீங்களா?"

அதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அவர் ஓர் அடையை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் கையில் வைத்தார். நான்கு வாயில் தின்று முடித்தேன். அதைப்போல் ருசியாக இன்றுவரை எதையும் சாப்பிட்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் காதுக்குள் வண்டு இரைந்தது. அஞ்சடித் தூண்கள் சாய்ந்தன. குளிர்ந்த வேர்வை ஊற்றியது, கைகால் என்னுடையதாக இல்லை. (ஓம உப்பு எண்ணெயில் கரையும். கரைந்தால் குடலில் நின்று புழுவைக் கொல்லாமல் ரத்தத்தில் ஏறி ஆளைக் கொல்லும். முன்பு கொடுத்த சொட்டு மருந்து வேறு, இது வேறு. வீட்டு அனுபவத்தை வைத்துக்கொண்டு மருந்தில் விளையாடாதீர்கள்.) சிறுநீர் பச்சையும் கறுப்புமாகப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

டயர் இல்லாமல் ரப்பர் கயிறு சுற்றிய சைக்கிளில் டிரசர் வந்தார். பேதி உப்பைக் கரைத்து வாயில் ஊற்றினார். நாடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"எண்ணெய்ச் சாப்பாடு குடுத்தது ஆர்?"

"நாந்தாங்க" என்றார் சம்பந்தி. "என் எலையிலேருந்து."

நான் கேட்டு வாங்கினேன் என்று அவர் சொல்லவில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தேன், ஆனால் காது கேட்டது. பேச முடியவில்லை என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். சற்று முன்புதான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் கேட்க முடிந்த நாக்கு அது.

பவுன் கத்திய கத்தலுக்கு லயமே கூடிவிட்டது. "எம் புருசன் வந்து எங்கப்பா எங்கேன்னு கேட்டா நான் என்னா சொல்லுவேன்? நீ எல்லாம் ஒரு பெத்தவனா?" சம்பந்தி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். சாவோடு இழுபறியில் கிடந்த எனக்கு அந்தச் சத்தம் இனித்தது. அவள் அவரைத் திட்டுகிறாள், எனக்காகத் திட்டுகிறாள். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் பிழைத்திருக்க முடியாது. ஆனால் பிழைத்தேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் கிழவன் இப்படிச் செய்தான் என்று லயத்தில் பேச்சு வந்தது. மூன்றாம் நாள் சம்பந்தி பாயையும் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். மேல் டிவிஷன் காலி லயத்தில் தங்கி, அங்கே போட்டிருந்த மரவள்ளியைக் காட்டுப் பன்றி கிண்டாமல் காவல் பார்க்கிறேன் என்று கிராணியிடம் கேட்டுக்கொண்டாராம். என்னிடம் வந்து, "வர்றேன் சம்பந்தி, ஒடம்பப் பாத்துக்குங்க" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

பிழைத்தபின் வந்த நாட்கள் மெதுவானவை. புழு வெளியே வந்ததா என்று பார்க்க வேண்டும் என்று டிரசர் சொல்லியிருந்தார். பவுன் என் மலத்தைப் பழைய துணியில் கொட்டி, கால்வாயில் தண்ணீர் விட்டுச் சலித்தாள். வெள்ளை நூல்துண்டுகள் மாதிரி ஒட்டியிருந்தவற்றைச் சிரட்டையில் போட்டு என்னிடம் காட்டினாள். ஒரு சிட்டிகை இருக்கும். இதுவா என்னைத் தின்றது என்று ஆச்சரியமாக இருந்தது. மூக்கைப் பொத்தாமல் அவள் அதைச் செய்தாள். என்னோடு பேசத்தான் இல்லை. அப்பனைத் திட்டிய நாளிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. வீட்டில் நானும் அவளும் மட்டும். நான் ஆசைப்பட்டது அதுதான். மென்று விழுங்க முடியாமல் இருந்தது.

அடுத்த பங்கு நாளில் அரிசி பாதியாகத்தான் வந்தது. கிராணி ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டேன்.

"எம் பாத்திக்கு உள்ளதுதான் குடுத்தாங்க" என்றாள் பவுன்.

"இவ்வளவு நாளா எனக்கும் சேத்து ரெண்டு பங்கு வந்துச்சே?"

"நீங்க படுத்த நாள்ளேருந்து ஒங்க பாத்தியயும் அப்பாதான் செஞ்சாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாரு, சம்பந்தி மனசு வருத்தப்படுவாருன்னு. நீங்க மருந்து குடிச்ச அன்னைக்குக் கிராணி ரெண்டு பேரு பங்குக்கும் சேத்து வாய்க்கா வெட்டச் சொன்னாரு. கண்ணு இருட்டுதும்மான்னு அப்பா சொன்னாரு. அதுக்குத்தான் அடை சுட்டுக் குடுத்தேன்."

நான் தின்றது யாருடைய பாதி என்று அப்போதுதான் தெரிந்தது. அதோடு, "கண்ணு இருட்டுது" என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏழாவது மரத்தடியில் எனக்கும் அப்படித்தான் இருட்டியது.

எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். நான் கேட்டேன், அவர் தயங்கினார், மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று சொல்லி வாங்கினேன், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையப் புடிச்சு இழுத்தா நான் என்னா மாமா செய்யறது?" என்றாள். வேறு எதுவும் திட்டவில்லை. எழுந்துபோய் அரிசிப் பானைக்குள்ளிருந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்து வந்தாள். எனக்கு இனி அந்த மருந்து ஆகாது என்று டிரசர் சொல்லியிருந்தார். அப்பாவின் கண் இருட்டலை அவரிடம் கேட்டுவிட்டாளாம். அவருக்கும் அதே புழுதான் இருக்கும், கொடு என்றாராம்.

"நீங்களே கொண்டுபோங்க. நான் கூப்பிட்டா வரமாட்டாரு. நீங்க கூப்பிட்டா இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல."

மேல் டிவிஷனுக்கு ஒன்றரை மைல் ஏற்றம். மரத்துக்கு மரம் நின்று நின்று போனேன். காலையில் கிளம்பியவன் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. காலி லயத்தின் வாசலில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. டிரசர் எனக்குச் செய்தது மாதிரி அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. என்னுடையதைவிட வெளுப்பா, குறைவா என்று அப்போதும் ஒரு கணம் அளந்தேன். வெட்கப்படுகிறேன், ஆனால் அளந்தேன்.

"சம்பந்தி, தப்பு என்னுது. பவுனுகிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்குச் சொன்னீங்க? புள்ள உங்கள ஒரு மாதிரி நெனச்சுக்காதா?"

வேட்டி முனையில் முடிந்திருந்த பொட்டலத்தை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன்.

அவருக்கு நான்தான் பத்தியம் பார்த்தேன். இரண்டு இரவு அங்கேயே தங்கி, கஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்து, பேதி உப்புக் கரைத்து, விடிந்ததும் பொட்டலத்தை இரண்டு தடவையாகக் கொடுத்தேன். அன்றைக்குப் பகலெல்லாம் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தேன், எவனாவது எண்ணெய்ப் பலகாரத்தோடு வந்துவிடப் போகிறான் என்று. அந்தக் காட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? உள்ளேயிருந்து சம்பந்தி சிரித்தார். சாயங்காலம் துணி வைத்துச் சலித்தவனும் நான்தான். அவருக்கு என்னைவிட அதிகம் வந்தது. சிரட்டையைக் காட்டினேன். "மாப்பிள்ள வீட்ட மிஞ்சக்கூடாதே சம்பந்தி" என்றார்.

பிறகு முருங்கைக்கீரை, இரும்புச் சட்டியில் வதக்கி, தினமும். பழைய டயரை அறுத்து மூன்று பேருக்கும் செருப்புச் செய்தேன். கக்கூஸ் வாளியைப் பச்சையாகப் பாத்தியில் கொட்டக்கூடாது, குழியில் மூடி மாதக்கணக்கில் மக்கவிட வேண்டும் என்று டிரசர் சொன்னதைக் கிராணியிடம் நான்தான் போய்ச் சண்டை போட்டுச் செய்யவைத்தேன். நகத்தில் சிவப்பு வர ஒரு வருஷம் ஆனது. மருந்து இரண்டு நாள் வேலை. ரத்தம் ஊறுவது மாதக்கணக்கு. அவசரப்படாதீர்கள், பயப்படவும் வேண்டாம்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது. சயாமிலிருந்து திரும்பிய ஒருவன் வீட்டு வாசலில் நின்று, தனபால் வாந்திபேதியில் போனதைச் சொன்னான். அவன் சொன்ன மாதத்தை எண்ணிப் பார்த்தேன். நான் அடைக்காகக் கையை நீட்டிய நாளுக்கு முன்பே என் மகன் போய்விட்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பன் என்று நான் அதிகாரம் பண்ணிய நேரத்தில் மாப்பிள்ளையே இல்லை. இதைச் சம்பந்தியிடம் நான் சொன்னதில்லை. அவரும் எண்ணிப் பார்த்திருப்பார்.

வருஷம் ஒன்று கழித்து, அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவர் என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. கேட்பதெல்லாம் நான்தான். லுக்குட்டில் லாரி ஓட்டுகிற ஒருவர், பெண்சாதியை இழந்தவர், நல்ல மாதிரி, பவுனைக் கேட்டு அனுப்பியிருக்கிறார். "புள்ளைக்கு வயசிருக்கு. ஆனா நீங்க வேணாம்னா வேணாம்" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் மறுபேச்சுப் பேசியிருக்கமாட்டார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதே நாக்குதான்.

"அவ போயிட்டா அப்புறம் நீங்களும் நானும் என்ன முறை?" என்று கேட்டேன்.

"ஒரே பாத்தியில புழு வாங்குனவங்க. இதவிட என்னா ஒறவு வேணும்?" என்றார்.

சரி என்று சொன்னேன்.

எனக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதே லயத்தில் நானும் அவரும்தான். அவர் அஞ்சடியை விட்டு உள்ளே வந்து படுக்கிறார். ஒரே நேரத்தில் இலை போட்டுக்கொள்கிறோம். பவுன் மாதத்துக்கு ஒரு தடவை லுக்குட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள், தேங்காயெண்ணெயில் அடை சுடுவாள். ஆளுக்கு இரண்டு. நான் இன்னும் எண்ணுகிறேன். ஓரம் யாருடையது அதிகம் சிவந்திருக்கிறது என்றும் பார்க்கிறேன்.

மேடு ஏறும்போது ஏழாவது மரத்தடியில் இப்போதும் நிற்பேன். மூச்சு வாங்கி அல்ல. என் உடம்பு அந்த இடத்தைக் கேட்டு நிற்கிறது, பழைய எஜமானைக் கண்டவன் மாதிரி. அதோடு சம்பந்தி வந்து சேர வேண்டுமே. இப்போதெல்லாம் அவர்தான் பின்னால் வருகிறார். மரத்துக்கு மரம் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார். டிரசரிடம் காட்டியாயிற்று. புழு இல்லை. இந்தத் தடவை வயதுதானாம்.

அவர் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, என் பொறாமை செத்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. சாகவில்லை. இவர் எனக்கு முன்னால் போய்விட்டால் பவுன் தலைவிரித்து அழுவாள், என் முறை வரும்போது அவளிடம் அவ்வளவு அழுகை மிச்சமிருக்காது என்று ஒரு நினைப்பு வருகிறது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது. இவர் போய்விட்டால் அந்த இரண்டு அடையை நான் யாருடையதோடு வைத்துப் பார்ப்பேன்?

"மெதுவா வாங்க சம்பந்தி" என்று மேலேயிருந்து சொல்கிறேன். "ஒண்ணும் அவசரமில்ல."